வந்தாரை வாழவைக்கும் கணினி

கணினிப் பாதுகாப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். இதைத் தொடாதே, அதைத் திறக்காதே, எவரையும் நம்பாதே. வங்கி குறுஞ்செய்தியில் சொல்கிறது. காவல்துறை சுவரொட்டியில் சொல்கிறது. கொஞ்ச காலம், யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு குரல் வந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தது. வீடு தேடி வருகிறவரை இப்படியா விரட்டுவது? வந்தாரை வாழவைத்தே பேர் வாங்கியவர்கள் நாம். கணினி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் வருகிறவர் மட்டும் என்ன பாவம் செய்தார்?

அவருடைய கஷ்டத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பூட்டை உடைத்து உள்ளே வருவதுதான் அந்தத் தொழிலிலேயே சிரமமான வேலை. அதற்குப் படிப்பு வேண்டும், பொறுமை வேண்டும், மாதக்கணக்கில் உட்கார வேண்டும். அதெல்லாம் இல்லாமலே பலர் இதில் பிழைக்கிறார்கள் என்றால் அது நம் ஒத்துழைப்பால்தான். அந்த ஒத்துழைப்பை இதுவரை ஏனோதானோவென்று கொடுத்துவந்தோம். இனி முறைப்படி கொடுப்போம். அதற்காகவே இந்தக் கையேடு.

முதலில் அறிமுகம்

வருகிறவர் யார் என்று தெரியாமல் உபசரிக்க முடியாது. முக்கியமானவர்களை மட்டும் சொல்கிறேன்.

வைரஸ்: தனியாக வரத் தெரியாதவர். ஏதாவது ஒரு கோப்பிலோ நிரலிலோ ஒட்டிக்கொண்டு வருவார். நீங்கள் அதை இயக்கினால்தான் கண் விழிப்பார். ஐபிஎம் வகைக் கணினிகளுக்கு வந்த முதல் வைரஸ் என்று சொல்லப்படும் 'பிரெய்ன்' 1986இல் லாகூரில் பிறந்தது. எழுதிய அண்ணன் தம்பி இருவரும் தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து விருந்தாளிகள் விசிட்டிங் கார்டோடு வந்தார்கள்.

புழு: இவருக்கு யார் தயவும் வேண்டாம். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு வலையமைப்பு வழியே தானே ஊர்ந்து போவார். 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் விட்ட புழு ஒரே இரவில் ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்தது. நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. பின்னாளில் அவர் எம்ஐடியில் பேராசிரியரானார்.

ட்ரோஜன்: வேஷம் போட்டு வருகிறவர். விளையாட்டு, கடன் செயலி, பரிசுக் கூப்பன் என்று என்ன வேஷம் வேண்டுமானாலும் பொருந்தும்.

உளவுநிரல்: சத்தமே இல்லாத விருந்தாளி. மூலையில் உட்கார்ந்து நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் குறித்துக்கொள்வார்.

பிணைநிரல்: உள்ளே வந்ததும் உங்கள் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமானால் பணம் கொடு என்பவர். ரான்சம்வேர் என்றால் எல்லோருக்கும் தெரியும். இந்தக் குலத்தின் மூத்தவர் 1989இல் தபாலில் வந்தார். எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி, ஏறக்குறைய 20,000 ஃபிளாப்பி தட்டுகளைப் பல நாடுகளுக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். போட்ட கணினி தொண்ணூறு முறை வரை ஒழுங்காகத் திறக்கும். பிறகு கோப்புகளின் பெயர்கள் குழம்பிப்போகும். 189 டாலரைப் பனாமா நாட்டுத் தபால் பெட்டி ஒன்றுக்கு அனுப்பச் சொல்லும். மீட்புத் தொகையைத் தபாலில் வாங்கிய பொறுமைசாலிகள் அவர்கள்.

அறிமுகம் முடிந்தது. இனி உபசரிப்பு.

படி 1: சாவியை வாசலிலேயே வையுங்கள்

கடவுச்சொல் என்பது எளிமையாக இருக்க வேண்டும். '123456' பாரம்பரியம் மிக்கது. 2009இல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் திருடு போயின. மறையாக்கம் எதுவும் செய்யாமல் அப்படியே சேமித்து வைத்திருந்ததால் திருடியவருக்குப் பிரிக்கும் வேலைகூட இல்லை. அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது '123456'தான். இத்தனை பேர் நம்பும் ஒன்றை நீங்கள் ஏன் விட வேண்டும்? பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது இரண்டாவது சிறந்த தேர்வு. பிறந்தநாள் கேக் படத்தை முகநூலில் போட்டு, பெயரையும் வயதையும் ஊருக்கே சொல்லிவிட்டால் விருந்தாளி தேடி அலைய வேண்டியதில்லை.

அதைவிட முக்கியம், எல்லா இடத்துக்கும் ஒரே கடவுச்சொல். மின்னஞ்சலுக்கும் அதுவே, வங்கிக்கும் அதுவே, என்றோ ஒருநாள் பிரியாணி வரவழைத்த செயலிக்கும் அதுவே. பிரியாணிக் கடையிலிருந்து பட்டியல் கசிந்தால் போதும். அதிலுள்ள மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் ஒரு நிரலிடம் கொடுத்து, மற்ற எல்லாத் தளங்களிலும் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். ஒரே சாவியில் எல்லா அறையும் திறக்கும். 'இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கவா?' என்று எந்தச் செயலி கேட்டாலும் 'பிறகு பார்க்கலாம்' என்பதை அழுத்துங்கள்.

இதெல்லாம் கஷ்டமாக இருந்தால் நெட் சென்டருக்குப் போங்கள். மேசைமேல் அட்டை கிழிந்த நீள நோட்டு ஒன்று இருக்கும். கோடு கிழித்து ஐந்து கட்டம்: பெயர், ஆதார் எண், போன் நம்பர், மெயில் ஐடி, பாஸ்வேர்டு. "நீங்க மறந்துடுவீங்கக்கா, நானே எழுதி வச்சிருக்கேன்" என்று அங்கிருக்கும் தம்பி அக்கறையோடு சொல்வார். தம்பி நல்லவர்தான். ஆனால் நோட்டு திறந்தே கிடக்கிறது. ரேஷன் கார்டில் பெயர் திருத்தக் காத்திருக்கிறவருக்கு அரை மணி நேரம் படிப்பதற்கு அங்கே வேறென்ன இருக்கிறது?

படி 2: வந்ததையெல்லாம் திறந்து பாருங்கள்

2000ஆம் ஆண்டு மே 4 அன்று உலகெங்கும் அலுவலகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைப்பு, 'ஐ லவ் யூ'. இணைப்பில் ஒரு காதல் கடிதம். கணக்குப் பிரிவு மேலாளர் தன்னை நேசிக்கிறார் என்ற செய்தியை யாராலும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. திறந்தார்கள். கோப்பின் பெயர் 'டிஎக்ஸ்டி' என்று முடிவதாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் இருந்த 'விபிஎஸ்' என்ற உண்மையான வாலை விண்டோஸ் மறைத்துவிட்டது. கடிதம் என்று திறந்தது ஒரு நிரல். அது முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் அதே காதலைச் சொல்லி அனுப்பியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே தன் மின்னஞ்சலை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. எழுதியவர் மணிலாவைச் சேர்ந்த மாணவர். அப்போது பிலிப்பைன்ஸில் இதற்கென்று சட்டம் இல்லாததால் அவர்மேல் வழக்கு நிற்கவில்லை.

இப்போது காதல் கடிதம் போய்க் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் தெரியாத எண்ணிலிருந்தோ, ஏற்கெனவே ஏமாந்த உறவினர் எண்ணிலிருந்தோ வரும். 'அவசியம் குடும்பத்துடன் வரவும்'. கூடவே ஒரு கோப்பு. உண்மையான பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும். இது 'ஏபிகே' என்று முடியும். அதாவது ஆண்ட்ராய்டு செயலி. யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியாதபோதுதான் ஆர்வம் கூடுகிறது. தொடுங்கள்.

தெரியாத இடத்திலிருந்து வரும் செயலியை நிறுவவா என்று கைப்பேசி ஒருமுறை தடுத்துப் பார்க்கும். அனுமதியுங்கள். பிறகு உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கல்யாணப் பத்திரிகைக்கு என் குறுஞ்செய்தி எதற்கு என்று யோசிக்காதீர்கள். முகூர்த்த நேரத்தில் குறுக்குக் கேள்வி கூடாது. அந்த ஓர் அனுமதிக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்: வங்கியிலிருந்து வரும் ஓடிபி இனி உங்களுக்கு வரும்போதே அவர்களுக்கும் போய்விடும். மொய் எழுத நீங்கள் மண்டபம் வரை போக வேண்டாம். அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

பத்திரிகை பிடிக்காதவர்களுக்குப் போக்குவரத்து அபராத ரசீது இருக்கிறது. ஸ்கூட்டரே இல்லாதவர்கூட எதற்கு அபராதம் என்று திறந்து பார்ப்பார்.

படி 3: அவசரம் என்றால் அப்படியே கீழ்ப்படியுங்கள்

'இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் வீட்டு மின்இணைப்பு துண்டிக்கப்படும். போன மாத பில் அப்டேட் ஆகவில்லை. உடனே எங்கள் அதிகாரியை அழைக்கவும்.' கீழே பத்து இலக்கக் கைப்பேசி எண்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு மின் அளவீடு எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 'போன மாத பில்' என்று தனியாக ஒன்று கிடையாது. எழுதியவருக்கு நம் ஊர் வழக்கம் தெரியாது. எங்கோ உட்கார்ந்து நாடு முழுவதற்கும் ஒரே செய்தியை அனுப்பியிருக்கிறார். ஆனால் நீங்கள் அதையெல்லாம் கவனிக்கக்கூடாது. மணியை மட்டும் பாருங்கள். ராத்திரி 9.30. புழுக்கம். சின்னக் குழந்தை. அழைத்துவிடுங்கள்.

அதிகாரி மிகப் பணிவாகப் பேசுவார். அதுவே சந்தேகத்துக்கு இடம் தர வேண்டும், தராதீர்கள். "பணமெல்லாம் கட்ட வேண்டாம் சார், பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க, சிஸ்டம்ல அப்டேட் ஆயிடும்" என்பார். அதற்கு முன் ஒரு செயலியை இறக்கச் சொல்வார். அது திரையைப் பகிரும் செயலி. இனி நீங்கள் பார்ப்பதையெல்லாம் அவரும் பார்ப்பார். பத்து ரூபாய் கட்ட நீங்கள் தட்டும் அட்டை எண்ணும், வந்து விழும் ஓடிபியும் அவர் கண்முன்னே. பத்து ரூபாய்க்காக யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா என்ற கேள்வி, கணக்கு காலியான பிறகு தானாக வரும்.

இதே குடும்பத்தில் 'கேஒய்சி முடிந்துவிட்டது', 'உங்கள் பார்சல் முகவரி தவறு', 'ரிவார்டு பாயின்ட் இன்றோடு காலாவதி' என்று உறவுகள் பல. எல்லாவற்றிலும் ஒரு சுட்டி இருக்கும். சுட்டியில் எங்கேயாவது உங்கள் வங்கியின் பெயர் தென்பட்டால் போதும், அழுத்துங்கள். தளப் பெயருக்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்த்துவிடாதீர்கள். தளம் உண்மையில் யாருடையது என்பது அங்கேதான் தெரியும். 'டாட் பேங்க் டாட் இன்' என்ற முடிவை வங்கிகளுக்கு மட்டுமே ஒதுக்கி, 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது விருந்தாளிகளுக்குப் பெரிய சங்கடம். நீங்கள் அதைக் கவனிக்காமல் இருந்து ஆறுதல் அளிக்கலாம்.

படி 4: பணம் வாங்குவதற்கும் பின் எண் போடுங்கள்

பழைய தேக்குக் கட்டிலை விற்க இணையத்தில் விளம்பரம் கொடுக்கிறீர்கள். விலை 8,000 ரூபாய். உள்ளூர்க்காரர் என்றால் நேரில் வந்து, காலை ஆட்டிப் பார்த்து, பூச்சி அரித்த இடத்தைக் கண்டுபிடித்து, 3,500இல் ஆரம்பிப்பார். இவரோ பத்தாவது நிமிடத்தில் போன் செய்கிறார்.

"சார், நான் ஆர்மில இருக்கேன். உங்க ஊருக்கு மாற்றல் ஆகியிருக்கு. கட்டில் எனக்குப் பிடிச்சிருக்கு."

"வந்து பார்க்கலையா?"

"உங்க பேச்சே போதும் சார். பணம் இப்பவே அனுப்பறேன். வண்டி நாளைக்கு வரும்."

பழைய கட்டிலைப் பேரம் பேசாமல் வாங்குகிற மனிதர் பூமியில் கிடையாது. இந்த உண்மை நம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ராணுவம் என்று சொன்னதும் வாய் அடைத்துப்போகிறது. அடுத்து ஒரு க்யூஆர் கோடு வரும். "ஸ்கேன் பண்ணி 8,000 போட்டு பின் நம்பர் அடிங்க சார், உங்க அக்கவுன்ட்ல ஏறிடும்." அடியுங்கள். ஏறும், அவர் கணக்கில்.

யுபிஐயில் பின் எண் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று பொருள். வருகிற பணத்துக்குப் பின் எண்ணும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். சும்மா இருந்தாலே வரும். இதை மறந்துவிட வேண்டியது இந்தப் படியின் முதல் விதி. தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' வேண்டுகோளை 2025 அக்டோபர் முதல் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். அதனால் என்ன, க்யூஆர் கோடு இருக்கிறதே.

படி 5: வீட்டிலிருந்தபடியே கைதாகுங்கள்

இது ஓய்வுபெற்றவர்களுக்கும், வங்கியில் வைப்புத்தொகை வைத்திருப்பவர்களுக்கும் உகந்தது. முதலில் கூரியர் நிறுவனம் என்று அழைப்பு வரும். உங்கள் பெயரில் வெளிநாட்டுக்குப் போன பார்சலில் போதைப்பொருளும் பாஸ்போர்ட்டுகளும் இருந்தனவாம். லைன் அப்படியே 'மும்பை போலீஸுக்கு' மாற்றப்படும். பிறகு வீடியோ அழைப்பு. சீருடை, பின்னால் சுவரில் இலச்சினை, இடையிடையே வாக்கிடாக்கி இரைச்சல். "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம். கேமராவை அணைக்கக்கூடாது. யாரிடமும் சொல்லக்கூடாது. தேசியப் பாதுகாப்பு விஷயம்."

அரசுக்குச் சல்லிக்காசு செலவில்லாத சிறை இது. வீடு உங்களுடையது, சாப்பாடு உங்களுடையது, மின்சாரமும் டேட்டாவும் உங்களுடையது. காவலாளியிடம் நீங்கள் அனுமதி கேட்டுத்தான் கழிப்பறைக்குப் போக வேண்டும். அப்போது உங்களுக்குச் சிரிப்பு வராமல் இருப்பதுதான் அவர்களுடைய திறமை. பயம் என்பது எத்தனை பெரிய சாமர்த்தியசாலியையும் ஒரு நிமிடத்தில் பள்ளிப் பிள்ளையாக்கிவிடும்.

அடுத்து, 'உங்கள் பணம் சுத்தமானதா என்று சரிபார்க்க' அதை 'அரசுக் கணக்குக்கு' மாற்றச் சொல்வார்கள். வங்கிக்குப் போகிறீர்கள். வைப்புத்தொகையை உடைக்கும் படிவத்தைப் பார்த்துவிட்டு மேலாளர் தலையைத் தூக்குகிறார். "எதுக்கு சார் மொத்தத்தையும் எடுக்கறீங்க? வீட்ல யாருக்காவது உடம்புக்கு ஏதாவதா?" உங்கள் சட்டைப்பையில் கைப்பேசி இன்னும் இணைப்பில் இருக்கிறது. என்ன பதில் சொல்ல வேண்டும் என்று காலையிலேயே பாடம் நடத்திவிட்டார்கள். "இடம் வாங்கறேன் சார்" என்று சொல்லுங்கள். உங்களைக் காப்பாற்றக் கேள்வி கேட்டவரிடம் பொய். கொள்ளையடிக்க வந்தவரிடம் முழு உண்மை. இந்தப் படியின் உச்சம் இதுதான்.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்றே இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே தன் வானொலி உரையில் இதைச் சொன்னார். எந்தக் காவல்துறையும் வீடியோ அழைப்பில் கைது செய்யாது, விசாரணைக்காகப் பணத்தை மாற்றச் சொல்லாது.

எதிர்முனையில் பேசுகிறவருக்கும் எல்லா நேரமும் நல்ல காலமில்லை. டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம் என்று நம்பிக் கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் லாவோஸுக்கும் போய், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, இந்த மோசடி அழைப்புகளைச் செய்ய அடித்து உட்கார்த்தி வைக்கப்பட்ட இந்திய இளைஞர்கள் பலர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. இந்த ஒரு பத்தியில் மட்டும் கிண்டலுக்கு இடமில்லை. உங்கள் தெருவில் யாராவது அப்படி ஒரு வேலைக்குக் கிளம்பினால் ஏஜென்டின் உரிமத்தை விசாரித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

படி 6: அப்டேட்டை நாளைக்குத் தள்ளுங்கள்

விண்டோஸில் ஓட்டை ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டது. இலவசம். 'ரீஸ்டார்ட் செய்யவா?' என்று கேட்டது. உலகம் 'பிறகு' என்றது. மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற பிணைநிரல் வந்தது. அதே ஓட்டை. 150 நாடுகள். ஒவ்வொரு திரையிலும் 300 டாலர் பிட்காயின் கேட்டுச் சிவப்புப் பலகை. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நம் டெல்லி எய்ம்ஸ் 2022 நவம்பர் 23 அன்று வேறொரு பிணைநிரலிடம் மாட்டியபோது, புறநோயாளிச் சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை நாள்கணக்கில் கையால் எழுத வேண்டியிருந்தது.

ஆகவே அப்டேட்டைத் தள்ளிப்போடுவது ஓர் அறச்செயல். அதோடு கீழ்க்கண்டவற்றையும் செய்யலாம்.

காசு கொடுத்து மென்பொருள் வாங்காதீர்கள். 'கிராக்' தேடுங்கள். கூடவே வரும் குறிப்பில் முதல் வரியே 'ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு நிறுவவும்' என்று இருக்கும். காவல்காரரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் தட்டும் அந்த நேர்மையை மெச்சி, சொன்னபடி செய்யுங்கள்.

பேக்கப் எடுக்காதீர்கள். எடுத்தே தீருவேன் என்றால், அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கணினியிலேயே எப்போதும் செருகி வையுங்கள். பிணைநிரல் வரும்போது அசலையும் நகலையும் ஒரே மூச்சில் பூட்டிவிட்டுப் போக வசதியாக இருக்கும். கழற்றி பீரோவில் வைத்துவிட்டால் அவருடைய பிழைப்பு கெட்டுவிடும். கோப்பு உங்களிடமே இருந்தால் யார் பணம் தருவார்?

ஜெராக்ஸ் கடையில் பத்துக் கணினிகளில் செருகிய பென் டிரைவை நேராகக் கொண்டுவந்து அலுவலகக் கணினியில் போடுங்கள். போகும் இடமெல்லாம் பயன் தர வேண்டும் அல்லவா?

சந்தேகங்களும் விளக்கங்களும்

என்னிடம் என்ன இருக்கிறது? என் கணினிக்கு யார் வரப்போகிறார்கள்?

உங்களிடம் ஒன்றும் இல்லாவிட்டாலும் கணினி இருக்கிறதே. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃப்ளிக்ஸும் மணிக்கணக்கில் முடங்கின. தாக்கியவை வீட்டு ரௌட்டர்களும் கண்காணிப்பு கேமராக்களும். தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை. 'மிராய்' என்ற நிரல் அவற்றையெல்லாம் பட்டாளமாகச் சேர்த்துக்கொண்டது. உங்கள் வாசல் கேமராவில் இன்னும் 'அட்மின்' தானே?

எங்கள் அலுவலகத்தில் பாதுகாப்பு பலமாக இருக்கிறதே?

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் இல்லாத பாதுகாப்பா? 2019இல் அங்கே நிர்வாகப் பணிக்கான ஒரு கணினிக்குள் தீநிரல் புகுந்திருந்தது. முதலில் இல்லவே இல்லை என்றார்கள். மறுநாள், அக்டோபர் 30 அன்று, அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்பு தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் அதைத் தொடவில்லை என்றும் சொன்னது. பிரித்து வைத்ததுதான் பாதுகாப்பு. உங்கள் கடையில் கணக்கு எழுதும் கணினியிலேயே பையன் படம் இறக்குகிறான் என்றால் விருந்தாளிக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

போனில் பேசியது என் மகனின் குரல்தான். விபத்து, பணம் அனுப்பு என்றான்.

சில நொடி ஒலிப்பதிவு கிடைத்தால் அதே குரலில் பேசவைக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. மகன் ரீல்ஸ் போடுகிறவன் என்றால் பதிவுக்குப் பஞ்சமில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு அவன் எண்ணுக்கு நீங்களே போட்டுப் பார்க்கலாம். அப்படிச் செய்தால் நாடகம் முதல் காட்சியிலேயே முடிந்துவிடும்.

என் வங்கிக் கணக்கைச் சும்மா பயன்படுத்தக் கொடுத்தால் கமிஷன் தருகிறார்களாம்.

தருவார்கள். திருட்டுப் பணம் முதலில் வந்து இறங்குவது அப்படிப்பட்ட கணக்குகளில்தான். காவல்துறை முதலில் வந்து இறங்குவதும் அந்தக் கணக்குக்காரர் வீட்டில்தான். இந்த விருந்தோம்பலுக்கு மட்டும் வழக்கும் உண்டு.

கடைசிப் படி: முதல் ஒரு மணி நேரத்தை வீணாக்குங்கள்

பணம் போய்விட்டது. இப்போதுதான் நிதானம் தேவை. போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து பத்துக் கணக்குகளுக்கு என்று நிமிடக் கணக்கில் பிரிந்து ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடி முடிக்கும்வரை நீங்கள் அசையக்கூடாது.

முதலில் வீட்டில் யாருக்கும் சொல்லாதீர்கள். வெட்கக்கேடு. பிறகு அந்த எண்ணுக்கே திரும்ப அழைத்துக் கெஞ்சுங்கள். அதன்பின் குடும்பத்தில் விவரம் தெரிந்த மாமாவிடம் கேளுங்கள், "படிச்சவ நீ இப்படிப் போய் மாட்டலாமா?" என்று அவர் ஒரு மணி நேரம் பேசுவார். இன்று ஞாயிறு, நாளை வங்கிக்குப் போய்க்கொள்ளலாம் என்று படுத்துவிடுங்கள். பணத்தை மீட்டுத்தருகிறோம், முன்பணம் கொடுங்கள் என்று ஒருவர் தொடர்புகொள்வார். அவருக்கும் கொடுங்கள்.

இந்தக் கையேட்டை இதுவரை பின்பற்றாதவர்களுக்கு

நீங்கள் இதையெல்லாம் செய்ய மறுக்கிறவர் என்றால் உங்களுக்குச் சொல்ல அதிகமில்லை. மேலே வந்த விருந்தாளிகளில் பெரும்பாலோர் பூட்டை உடைக்கவில்லை; காதல், கல்யாணம், கரண்ட், கைது என்று எதையாவது சொல்லி நம்மையே திறக்கவைத்தார்கள். அவர்கள் எல்லோரிடமும் பொதுவாக இருந்தது அவசரம். இப்போதே, உடனே, யாரிடமும் சொல்லாமல். வங்கியோ காவல்துறையோ மின்வாரியமோ, நீங்கள் போனை வைத்துவிட்டு அவர்களுடைய அதிகாரபூர்வ எண்ணில் திரும்ப அழைப்பதால் கெட்டுப்போகும் வேலை எதுவும் அவர்களிடம் இல்லை. அப்படி அழைத்தால் கெட்டுப்போவது திருடன் வேலை ஒன்றுதான்.

மீறி ஏமாந்துவிட்டால் 1930. தேசிய சைபர் குற்ற உதவி எண் அது. உடனே அழைத்தால் பணம் போகும் வழியில் உள்ள கணக்குகளை முடக்க முயல்வார்கள். 'சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்' தளத்திலும் புகார் செய்யலாம். வங்கிக்கும் அதே நேரத்தில் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியார் ஊடுருவிப் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில் பங்கில்லை. பின் எண்ணையோ ஓடிபியையோ நீங்களே கொடுத்திருந்தால், புகார் செய்யும்வரை போனது உங்கள் தலையில். புகார் செய்தபின் போவது வங்கியின் தலையில். ஆகவே ஏமாந்தவருக்கும் ஒவ்வொரு நிமிடமும் காசுதான்.

உங்கள் வீட்டுப் பெரியவரின் கைப்பேசியை இன்றைக்கே வாங்கி, 1930 என்ற எண்ணை 'திருட்டு' என்ற பெயரில் பதிந்து கொடுங்கள். கூடவே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: "ஏமாந்தா எங்ககிட்ட சொல்லுங்க, திட்ட மாட்டோம்." சொன்னபடி திட்டாமலும் இருங்கள்.